ஆறு இலக்கம்

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குள் ஆஃபியா பதினோரு வரி எழுதிவிட்டாள். யுனிக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் எடுக்கப்போகிறோம், வருகிறவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடு என்று அலுவலகத்தில் கேட்டிருந்தார்கள். டிஸ்க் நிரம்பாமல் பார்த்துக்கொள்ளத் தெரிய வேண்டும். பேக்கப் எடுக்கத் தெரிந்தால் போதாது, எடுத்ததைத் திரும்ப ஏற்றவும் தெரிய வேண்டும். ஸ்கிரிப்ட் எழுத வர வேண்டும். எந்த வேலையைத் தொடங்கினாலும், கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு வழியை வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். பதினோராவது வரியில், நெருக்கடியில் பதறாத குணம் வேண்டும் என்று எழுதி முடித்தாள். துக்க வீட்டுக்குப் போய்ப் பாஸ்வேர்ட் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாராவது எழுதுவார்களா? அவளும் எழுதவில்லை.

ஆள் எடுப்பது அவளுடைய இடத்துக்கு. அவள் ஏறப்போவது ஸ்ரீரங்கன் சாரின் இடத்துக்கு. சார் காலமாகி அன்றோடு ஒன்பது நாள். நாற்பத்தாறு வயது. போன வாரம் புதன்கிழமை காலை அலுவலக மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எட்டு வருஷம் அவருக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவள் ஆஃபியா. அழுது முடிப்பதற்குள் பதவி உயர்வுக் கடிதம் வந்துவிட்டது. அலுவலகம் என்றால் அப்படித்தான், அதற்கு யாரைக் கோபித்துக்கொள்ள முடியும்?

குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் அந்த நிறுவனத்துக்கு முப்பத்தெட்டு ரத்தப் பரிசோதனை நிலையங்கள். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வந்து கையை நீட்டுகிறவர்களின் முடிவுகள் எல்லாம் மேற்குத் தாம்பரத்தில் இரண்டாம் மாடியில் உள்ள ஒரே சர்வரில்தான் போய்ச் சேரும். பீரோ உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. அதைக் கடைசியாக நிறுத்தி எழுப்பியது ஏழு வருஷத்துக்கு முன்னால், இரண்டாயிரத்துப் பதினெட்டு அக்டோபர் பதினாலாம் தேதி. அன்றிலிருந்து ஒரு நிமிஷம்கூட நிற்காமல் ஓடுகிறது.

யுனிக்ஸ்காரர்களுக்கு இதில் ஒரு கிறுக்கு உண்டு. மற்றவர்கள் பிள்ளைகளின் மார்க்கைச் சொல்வதுபோல இவர்கள் தங்கள் மெஷின் எத்தனை நாளாக நிற்கவில்லை என்று சொல்லிக்கொள்வார்கள். ஸ்ரீரங்கன் சார் ஒவ்வோர் அக்டோபர் பதினாலுக்கும் வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறையக் கேசரி கொண்டுவருவார். சர்வருக்குப் பிறந்தநாள் என்று எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, சர்வர் அறைக் கதவில் நாள் கணக்கை எழுதி ஒட்டுவார். நாள் ஏற ஏறப் பெருமையும் ஏறியது. கூடவே இன்னொன்றும் ஏறியது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நிறுத்தினால் திரும்ப எழுந்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. பெருமை என்று தின்ற கேசரியில் பாதி பயம்.

அந்த மெஷினில் எதையும் மாற்ற, அழிக்க உரிமையுள்ள கணக்கு ஒன்றே ஒன்று. ரூட் என்பார்கள். அதன் பாஸ்வேர்ட் சாருக்கு மட்டும்தான் தெரியும். ஆஃபியாவின் கணக்கில் எல்லாவற்றையும் பார்க்கலாம், ஒன்றையும் தொட முடியாது. இரண்டு பேர் தொட்டால் கெடுத்தது யார் என்று தெரியாமல் போகும் என்பது சாரின் கட்சி. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதற்கும் ஒரு முறை இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருதரம் பாஸ்வேர்டை மாற்றித் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய வாயின்மேல் சார் ஒரு கையெழுத்தும் சாட்சியாக ஆஃபியா ஒரு கையெழுத்தும் போட வேண்டும். பிறகு அந்த உறை மேலாளர் சம்பந்தத்தின் இரும்புப் பெட்டிக்குள் போகும். எழுதிய தாள் உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தேன் என்பதுதான் சாட்சிக் கையெழுத்துக்குப் பொருள்.

இந்த அக்டோபர் கடைசியில் ஆடிட்டர் வந்து உட்கார்ந்திருந்தார். சார் ஏற்கெனவே ஒட்டிவிட்ட உறையோடு ஓடிவந்தார். உள்ளே இருப்பதைச் சாயங்காலம் சரிபண்ணிக்கொள்ளலாம், இப்போதைக்குக் கையெழுத்தைப் போடு என்றார். எட்டு வருஷம் கூட இருந்த மனிதர் கேட்கிறார், என்ன சொல்வது? போட்டாள். அந்தச் சாயங்காலம் வரவே இல்லை.

பட்டியலை அனுப்பிவிட்டு வழக்கம்போல டிஸ்க்கைப் பார்த்தாள். அன்றாடப் பதிவுகள் போய் விழும் பகுதி தொண்ணூற்றொரு சதவீதம் நிரம்பியிருந்தது. வாரா வாரம் பழையதை எடுத்து ஒதுக்குவது சாரின் வேலை. ரூட் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடியும். ஒரு நாளைக்கு மூன்று சதவீதம் ஏறுகிறது. அப்படியானால் ஞாயிறன்று நூறு. நூறைத் தொட்டால் எல்லாம் நின்றுவிடும். திங்கள் காலை முப்பத்தெட்டு நிலையங்களிலும் ரத்தம் எடுப்பார்கள், முடிவு சொல்ல ஒன்றும் இருக்காது.

அவள் போய்க் கேட்டதும் சம்பந்தம் இரும்புப் பெட்டியைத் திறந்து உறையை எடுத்துக் கொடுத்தார். தன் மேசையில் வைத்துக் கிழித்தாள். உள்ளே நாலாக மடித்த தாள். பிரித்தாள். வெள்ளையாக இருந்தது. திருப்பினாள், அந்தப் பக்கமும் வெள்ளை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். உறை தடிமனாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த வெறும் தாள்.

சம்பந்தம் கதவோரத்தில் வந்து நின்று, "கிடைச்சுதாம்மா?" என்றார்.

"கிடைச்சுது சார்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. கையில் உறை, உறையின் வாயில் அவளுடைய கையெழுத்து, நடுவில் கிழிந்து இரண்டு துண்டாக. பொய்ச் சாட்சி என்று வேறு யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. பதவி உயர்வுக் கடிதம் இன்னும் கைப்பையில்தான் இருந்தது. சம்பந்தம் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஒரு சொல்லில் தனக்குத்தானே கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேறு வழி இல்லாமல் இல்லை. சர்வரை நிறுத்தி, அது எழும்போது பாதியில் மறித்து, ரூட்டுக்குப் புதுப் பாஸ்வேர்ட் வைக்கலாம். அவளுக்கு அது தெரியும். ஆனால் நிறுத்துவதற்கு சம்பந்தம் அனுமதிக்க வேண்டும். கேட்டால் உறையில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லி, நிறுத்தி, இரண்டாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு நாள் ஓடிய மெஷின் எழுந்திருக்காமல் போனால்?

மிச்சம் இருந்தது சாரின் ஃபோன். பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் ஆப் ஒன்றை அவர் அதில் வைத்திருந்தார். ரூட்டில் நுழையும்போதெல்லாம் ஃபோனை எடுத்து ஒரு பார்வை பார்த்துக்கொள்வதை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். ஃபோன் அவர் மனைவியிடம் இருக்கும். வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில்.

வழியில் அம்மா அஜீசாவுக்கு ஃபோன் பண்ணினாள். மகள் எங்கே போகிறாள் என்று கேட்டதும் அஜீசா முதலில் சொன்னது இதைத்தான்.

"துக்க வூட்டுக்குப் போற. கெளம்பசொல்ல போயிட்டு வரேன்னு சொல்லிடாத. அவுங்க அதைச் சொல்ல மாட்டாங்க. பேசாம எழுந்து வந்துகினே இருக்கணும், இன்னா?"

ஷேர் ஆட்டோ கேம்ப் ரோடைத் தாண்டும்போதே மழை பிடித்துவிட்டது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் முழங்கால் வரை தண்ணீர். சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையாலாகாத ஒரு பெண்பிள்ளையைப்போல அவள் அந்தத் தெருவுக்குள் நடந்தாள்.

மாடிப்படியில் உறவுக்காரர்களின் செருப்புகள் நிறையக் கிடந்தன. சாரின் மனைவி பட்டு உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று இருக்கும். பிள்ளைகள் இல்லை. ஆஃபியா என்று பெயரைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துபோனது.

"நீதானா? உன்னைப் பத்தி தினம் ஏதாவது சொல்லுவார். உக்காரும்மா. நானே உன்னைக் கூப்பிடணும்னு இருந்தேன்."

எதற்கு என்று ஆஃபியா கேட்பதற்குள் பட்டு தலையணைக்கு அடியிலிருந்து ஃபோனை எடுத்து நீட்டினார். சார் ஆறு மாதமாகப் பாசுரங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாராம். விடியற்காலை நாலே முக்காலுக்கு எழுந்து மொட்டைமாடியில் நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்லிச் சேவிப்பார். எங்கே தப்புகிறது என்று பார்க்க அதை ஃபோனில் பதிவு செய்துகொள்வார். அந்தக் குரல் முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. வேறு எங்கேயும் கிடையாது. தன் சொந்தச் சாமானை இன்னொருவன் மெஷினில் வைக்கக் கூடாது என்பதும் சாரின் கட்சிகளில் ஒன்று. ரத்தப் பரிசோதனை முடிவுகளுக்கு மூன்று இடத்தில் நகல் எடுத்து வைத்த மனிதர், தன் குரலுக்கு ஒரு நகல் எடுக்கவில்லை.

"அலாரம் இன்னும் அடிக்கிறது. நாலே முக்காலுக்கு. நான்தான் அணைக்கிறேன். அதுக்கு நம்பர் வேண்டாம். மத்த எல்லாத்துக்கும் ஆறு நம்பர் கேக்கறது."

ஆஸ்பத்திரியில் சாரின் அண்ணா, இப்போதே விரலை வைத்துத் திறந்துவிடு, அப்புறம் முடியாது என்றாராம். பட்டு அந்த அறையிலேயே அவரைக் கண்டபடி ஏசிவிட்டார். இறந்தவரின் கையைப் பிடித்துக் கருவியின்மேல் அழுத்துவதா என்று இருந்ததாம். இப்போது எந்த விரலும் ஆகாது, எண்தான் வேண்டும் என்கிறது ஃபோன். நான் அன்றைக்கு வைத்திருக்க வேண்டுமோ என்று ஆஃபியாவிடம் கேட்டார். ஆஃபியா இன்னும் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அலுவலகப் பாஸ்வேர்டும் இதே ஃபோனுக்குள்தான் இருக்கிறது, அதற்காகத்தான் வந்தேன் என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது கூசியது. பட்டு அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உனக்கும் வேண்டும், எனக்கும் வேண்டும், நல்லதாகப் போயிற்று என்றார்.

"இதுவரைக்கும் எத்தனை தடவை போட்டுப் பாத்தீங்க அக்கா?"

பட்டு விரல் விட்டு எண்ணினார். அண்ணா ஐந்து தடவை, அவர் சொல்லச் சொல்லத் தான் மூன்று தடவை. கல்யாண நாள், சாரின் பிறந்தநாள், வண்டி நம்பர், வீட்டு நம்பர், இப்படி. மொத்தம் எட்டு.

ஆஃபியா ஃபோனைப் பாயில் வைத்துவிட்டாள். பத்துத் தடவை தப்பாகப் போட்டால் தன்னைத் தானே முழுக்கத் துடைத்துக்கொள்ளும்படி இந்த ஃபோனில் வைக்கலாம், சார் அதை வைக்காமல் இருந்திருக்க மாட்டார், இனிமேல் யாரும் தொட வேண்டாம், யோசித்துக்கொண்டு வருகிறேன் என்றாள். பட்டு சரி என்றார். ஆஃபியா ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தாள்.

வெள்ளிக்கிழமை பத்தாம் நாள் காரியம். அன்று போக முடியாது. அலுவலகத்தில் உட்கார்ந்து தொண்ணூற்று நான்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறென்ன செய்வது? பதினோரு வரியில் எழுதிய எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? பார்க்கத்தான் முடிந்தது. மணிக்கொரு தரம் பார்த்தாள். தண்ணீர் வாசற்படியைத் தொடுமா தொடாதா என்று ஜன்னலில் நின்று பார்க்கும் புறநகர்க்காரி அவள், அந்த நிலை பழக்கம்தான். ஆனாலும் தாங்கவில்லை. மதியம் சம்பந்தம் அறை வாசல் வரை போய்த் திரும்பினாள். சாயங்காலம் மறுபடி போனாள். அவர் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் அந்த எண் அவளுக்குத் தோன்றியது. கதவில் ஒட்டியிருந்த நாள் கணக்கைக் கடந்து போனபோது தோன்றியது. வருஷம் தவறாமல் ஒரு தேதிக்கு இனிப்புக் கொடுத்த மனிதர். பதினாலு, பத்து, பதினெட்டு. சரியாக ஆறு இலக்கம்.

சனிக்கிழமை காலை தொண்ணூற்றேழு. பதினொரு மணிக்கு ராஜகீழ்ப்பாக்கம் போய்ச் சேர்ந்தாள். செருப்புகள் குறைந்திருந்தன. பட்டு அதே பாயில் இருந்தார். நேற்று அந்த வீட்டில் என்னவெல்லாம் செய்திருப்பார்கள் என்று ஆஃபியாவுக்கு அரைகுறையாகத் தெரியும். அவருடைய நெற்றியையும் கழுத்தையும் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

"அதுக்கப்புறம் யாரும் தொடலையே அக்கா?"

பட்டு இல்லை என்று தலையாட்டினார்.

அப்படியானால் இது ஒன்பதாவது. தப்பினாலும் ஒன்று மிச்சம் இருக்கும். கடைசி வாய்ப்பை மட்டும் எப்போதும் தொடக் கூடாது, திரும்ப ஒரு வழி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளே பட்டியலில் எழுதியிருந்தாள். அந்த விதிப்படிதான் நடக்கிறோம் என்று அவளுக்குத் திருப்தியாக இருந்தது. தேதியைப் பட்டுவிடம் சொன்னாள்.

பட்டு ஃபோனை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தார். பிறகு சொன்னார்.

"அந்தக் கேசரி நான்தான் கிளறித் தருவேன். நெய் போறலைன்னு ஒரு வருஷம் சண்டைகூடப் போட்டார், சர்வருக்குப் பிறந்தநாளாக்கும்னு." ஃபோனை ஆஃபியாவிடம் நீட்டினார். "அதுவாத்தான் இருக்கும். போடு."

ஒன்று. நான்கு. ஒன்று. பூஜ்யம். ஒன்று. எட்டை அழுத்தும்போது ஆஃபியா அல்லாவை நினைத்துக்கொண்டாள். பட்டுவும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், யாரை நினைத்தாரோ.

தப்பு என்றால் ஃபோன் ஒரு குலுக்குக் குலுக்கி, ஒரு மணி நேரம் காத்திரு என்று சொல்ல வேண்டும். குலுக்கியது. காத்திரு என்று சொல்லவில்லை. திரை கறுத்தது. நடுவில் மெல்லிய ஒரு கோடு வந்து, இடமிருந்து வலமாக நிதானமாக வெள்ளை ஏறிக்கொண்டு போனது. ஆஃபியா பக்கத்துப் பொத்தானை அழுத்தினாள். இரண்டையும் சேர்த்து அழுத்தினாள். அதை எதனாலும் நிறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் அழுத்தினாள். தன் தொழிலில் இவ்வளவு வருஷத்தில் எத்தனையோ கோடுகள் இப்படி நகர்வதை அவள் பார்த்திருக்கிறாள். ஒன்றையும் இப்படிக் கெஞ்சியதில்லை.

கோடு முடிந்தது. வெள்ளைத் திரையில் ஹலோ என்று வளைத்து வளைத்து எழுதிக் காட்டியது ஃபோன். பிறகு வேறு ஒரு மொழியில். பிறகு இன்னொன்றில். கடையிலிருந்து அப்போதுதான் வாங்கிவந்ததுபோல, புதிதாக ஒருவரை வரவேற்றுக்கொண்டிருந்தது.

"என்ன சொல்றது அது?" என்றார் பட்டு.

ஆஃபியா சொன்னாள். எல்லாம் போய்விட்டது என்று சொன்னாள். எட்டுத்தானே அக்கா, ஒன்பதுதானே இது, எப்படி என்று அவள் வாய் குழறியது.

பட்டு தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளில் வளையல் இல்லை.

"நேத்து ராத்திரி ஒண்ணு போட்டேன். என் பிறந்தநாள். அண்ணா எதிர்ல அதைப் போட்டுப் பாக்க எனக்குப் பயமா இருந்தது. இல்லைன்னு வந்துட்டா எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடுமேன்னு. நேத்து எல்லாம் முடிஞ்சப்புறம் தனியாப் போட்டேன். அதுவும் இல்லை. இதை எப்படிம்மா உன்கிட்ட சொல்றது?"

ஆஃபியாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வருவதற்கு அவளிடம் என்ன தகுதி இருந்தது? உறைக்குள் வெறும் தாள் என்று சொல்ல வெட்கப்பட்டு அவள் மூன்று நாள் மறைத்தாள். புருஷன் மனதில் தன் பிறந்தநாள் இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு இவர் ஒரு தலையாட்டலில் மறைத்தார். இரண்டு வெட்கமும் சேர்ந்து ஒரு மனிதரின் குரலை அழித்துவிட்டன. அவள் எழுந்தாள். அந்த வீட்டு முறைப்படி ஒன்றும் சொல்லாமல் வந்தாள். முறை இல்லாவிட்டாலும் சொல்ல ஒன்றும் இல்லை.

அங்கிருந்து நேராக சம்பந்தத்திடம் போனாள். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. உறை, வெறும் தாள், தன் கையெழுத்து, வியாழக்கிழமை சொன்ன பொய், எல்லாவற்றையும் மேசையில் வைத்தாள். வேலை போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது. ஃபோனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, அது அவர் கேட்க வேண்டிய விஷயம் இல்லை. சம்பந்தம் கிழிந்த உறையை ஒட்டவைத்துப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை.

"இதை வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார்.

ஞாயிறு மதியம் நிலையங்கள் மூடியதும் இரண்டு மணிக்கு நிறுத்தி எழுப்பச் சொன்னார். எழுந்திருக்காவிட்டால் என்ன செய்வது என்று அவள் கேட்டதற்கு, எழுந்திருக்காவிட்டால் அப்புறம் பார்ப்போம் என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

ஞாயிறன்று சர்வர் அறைக்குள் அவள் மட்டும் இருந்தாள். குளிருக்கு சார் போட்டுக்கொள்ளும் கம்பளிச் சட்டை இன்னும் நாற்காலியில் தொங்கியது. அவளுடைய கணக்கால் நிறுத்தக்கூட முடியாது, பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். அழுத்திப் பிடித்தாள். ஏழு வருஷமாக ஓய்ந்தறியாத அந்த இரைச்சல் நின்றது. அறையில் அப்படி ஓர் அமைதியை அவள் கேட்டதில்லை. மறுபடி அழுத்தினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. பாதியில் மறித்தாள், ரூட்டுக்குப் புதுப் பாஸ்வேர்ட் வைத்தாள், போக விட்டாள். டிஸ்க்குகள் வந்தன. டேட்டாபேஸ் வந்தது. ஒரு முணுமுணுப்பு இல்லாமல் எல்லாம் வந்து நின்றன.

கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு நிமிஷம். ஏழு வருஷம் எல்லாரும் நடுங்கியது இந்த இருபத்திரண்டு நிமிஷத்துக்கு. வியாழக்கிழமை வாயைத் திறந்திருந்தால் வியாழக்கிழமையே முடிந்திருக்கும். அவள் ராஜகீழ்ப்பாக்கம் பக்கமே போயிருக்க மாட்டாள். ஆஃபியா தரையில் உட்கார்ந்து, இரைச்சலுக்குள் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் வாய்விட்டு அழுதாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழைய பதிவுகளை ஒதுக்கினாள். தொண்ணூற்றொன்பது முப்பத்தேழாக இறங்கியது. இப்போது அவளிடம் ரூட் இருந்தது, எந்தக் கதவும் திறக்கும். சாரின் கோப்புகள் இருந்த இடத்துக்குள் போனாள். ஏதாவது ஒரு குரல் பதிவு, ஒரே ஒரு பாசுரம், தவறுதலாகவாவது இங்கே போட்டு வைத்திருக்க மாட்டாரா என்று ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஸ்கிரிப்டுகள், பட்டியல்கள், ஒழுங்காகத் தேதியிட்ட குறிப்புகள். சொந்தச் சாமான் ஒன்றுகூட இல்லை. தான் பிடித்த கட்சியில் கடைசி வரை நின்றிருந்தார் மனிதர்.

எச்சரிக்கைக் கடிதம் ஒரு பக்கம் வந்தது. பதவி உயர்வை யாரும் திரும்பக் கேட்கவில்லை. நடந்ததில் அவளுக்கு ஒன்றும் போகவில்லை. அதுதான் அவளை அதிகம் வதைத்தது.

பதின்மூன்றாம் நாளும் கழிந்து, அடுத்த சனிக்கிழமை சாரின் சாமான்களை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். கம்பளிச் சட்டை, டம்ளர், மூக்குக்கண்ணாடிக் கூடு. உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். வாசலில் ஒரு ஜோடிச் செருப்புத்தான். பட்டு சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

சர்வர் இருபத்திரண்டு நிமிஷத்தில் எழுந்துவிட்டதையும், முன்னாலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த ஃபோனைத் தேடி வந்திருக்கவே மாட்டேன் என்பதையும் ஆஃபியா ஒன்றுவிடாமல் சொன்னாள். திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தாள். பட்டு திட்டவில்லை. நீ போடு என்று சொன்னது நான்தானே என்றார்.

ஃபோன் அலமாரிமேல் சார்ஜில் இருந்தது. திரை இன்னும் ஒவ்வொரு மொழியாக ஹலோ சொல்லிக்கொண்டிருந்தது.

"அணைக்க மனசு வரலை," என்றார் பட்டு. "இப்ப அலாரமும் அடிக்கிறதில்லை. ஆனா நாலே முக்காலுக்கு எனக்கு முழிப்பு வந்துடறது."

ஆஃபியா எழுந்தாள். பதின்மூன்று நாள் கழிந்துவிட்டது, இனிச் சொல்லிக்கொண்டு போகலாம் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். இந்தப் படியில் இரண்டு தடவை ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனவள், மூன்றாவது தடவை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"போயிட்டு வரேன் அக்கா."

பட்டு கம்பளிச் சட்டையோடு கதவருகே நின்றிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவரைப்போலக் கேட்டார்.

"எதுக்கு?"